குளிரூட்டும் இயந்திரம் காட்டிக்கொடுத்த கிருமி

இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து வீடு திரும்பியவர்கள். மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூடக் கழித்துக் காய்ச்சல், எடைக் குறைவு, ஓயாத சோர்வு. வழக்கமான பரிசோதனைகளில் கிருமி அகப்படவில்லை. வேறு நோய் என்று நினைத்து மருந்து கொடுக்கப்பட்டவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இத்தகைய நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், 'மைக்கோபாக்டீரியம் கைமேரா' என்ற நுண்ணுயிரைக் கண்டனர்.

இது காசநோய்க் கிருமிக்கு உறவு. ஆனால் காசநோயைத் தராது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்வது. பிறகு, திறந்த நெஞ்சுக்குள் எப்படிப் போனது?

அறுவையின்போது நோயாளியின் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்த ஓர் இயந்திரம் ஓடும். அதிலுள்ள தண்ணீர் இரத்தத்தைத் தொடுவதே இல்லை. அதனால் அதன்மீது எளிதில் சந்தேகம் எழவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் வளர்ந்த கிருமி, நுண்துளிகளில் ஏறி, இயந்திரத்தின் விசிறிக் காற்றோடு அறுவைக்கூடத்தில் பரவியது.

அப்படியானால், கிருமி இயந்திரத்துக்குள் வந்தது எங்கிருந்து? அந்தந்த மருத்துவமனையின் குழாய்த் தண்ணீரிலிருந்தா? அப்படியிருந்தால் ஊருக்கு ஊர் கிருமியின் மரபணுவும் வேறுபட வேண்டும். இதைச் சோதிக்கவே மரபணு வரிசைப்படுத்தல் பயன்பட்டது. இக்கிருமியின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 6 மில்லியன் எழுத்துகள். பல நாட்டு நோயாளிகளின் மாதிரிகளையும் இயந்திரங்களின் மாதிரிகளையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டனர். 2017இல் வெளியான ஆய்வின்படி, வெவ்வேறு நாட்டு நோயாளிகளில் பெரும்பாலோரின் கிருமிகள் நெருங்கிய உறவினர். ஒரே வகை இயந்திரத்தில் கிடைத்தவற்றோடு பொருந்தின. சந்தேகம் ஜெர்மனியில் அது தயாரான இடத்தை நோக்கித் திரும்பியது.

எழுத்துகளின் ஒப்பீடு மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் இயந்திரத்தைத் திறந்து தண்ணீரை எடுத்தார், காற்றைச் சோதித்தார். நாடுகள் தங்கள் மாதிரிகளைப் பகிர்ந்துகொண்டன. ஒவ்வொரு மருத்துவமனையும் தன்னிடம் வந்த ஓரிருவரை மட்டும் பார்த்திருந்தால், அது தற்செயலாகவே தோன்றியிருக்கும்.

ஆனால் 6 மில்லியன் எழுத்துகளை ஒப்பிடுவது கண்ணால் ஆகிற வேலையல்ல. அதற்கு நிரல் எழுதத் தெரிந்த உயிரியலாளர் வேண்டும். கிருமியைப் புரிந்துகொண்ட கணினியாளர் வேண்டும். பாடத் தேர்வின்போது உயிரியலா, கணினியியலா என்று ஒன்றைக் கைவிடச் சொல்லும் பழக்கம் இந்தத் துறைக்குப் பொருந்தாது. தொடக்கக் கல்லூரிக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ விண்ணப்பிக்கும் முன், இரண்டையும் சேர்த்துப் படிக்க என்ன வழி உண்டு என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.