மைலேஜ் பெட்டியும் என் பி.காம். கணக்கும்

புனேக்கு மாற்றலாகி வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வங்கியில் என் மேஜைக்கு வரும் தமிழ் முகங்களில் பாதி, வண்டிக் கடனுக்காக வருபவை. அதில் ஒருவர் சங்ககிரிக்காரர். வழியில் படுத்துவிட்ட வண்டிகளை ஏற்றி வரும் ரெக்கவரி டிரக் வைத்திருக்கிறார். சதாரா ரோட்டில் கம்பட்கி காட் ஏறி இறங்குவதுதான் பிழைப்பு. இரண்டு வருஷம் முன்பு ஒரு நோட்டீஸோடு வந்தார்.

"ஏனுங் சார், இந்தப் பொட்டிய மாட்டுனா மைலேஜ் 15 பர்சென்ட் ஏறுமாமுங். 28,000 ரூவாயாம். வாங்கிப் போட்டறலாமுங்களா?"

நான் கால்குலேட்டரை எடுத்தேன். மாதம் 3,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 5, ஆக 600 லிட்டர் டீசல். மைலேஜ் 5.75 ஆனால் 522 லிட்டர் போதும். 78 லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்று போட்டால் 7,020 ரூபாய். நாலே மாதத்தில் போட்ட காசு கைக்கு வந்துவிடும். "தாராளமாப் போடுங்கண்ணே" என்றேன்.

கூட்டல் கழித்தல் எல்லாம் சரிதான். அந்த 15 எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. பேலன்ஸ் ஷீட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் வவுச்சர் கேட்கிறவன், இதற்குக் கேட்கவில்லை.

எட்டாம் மாதம் இரண்டு இன்ஜெக்டர்கள் போயின. பில் 64,000. பெட்டியால்தான் போனது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் வாரண்டியை மறுக்க அந்தப் பெட்டி இருந்ததே போதுமானதாக இருந்தது. வண்டி பன்னிரண்டு நாள் நின்றது, தவணை தவறியது. தவணை பாக்கி நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவன் அடியேன்தான்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முதலில் படித்திருக்க வேண்டும்.

இந்த டியூனிங் பெட்டிகளில் பெரும்பாலானவை செய்யும் வேலை இதுதான். காமன் ரெயில் டீசல் இன்ஜினில் எரிபொருள் அழுத்தத்தை அளக்க ஒரு சென்சார் உண்டு. அதற்கும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் பெட்டி உட்கார்ந்துகொள்கிறது. "அழுத்தம் குறைவாக இருக்கிறது" என்று பொய் சொல்கிறது. கம்ப்யூட்டர் அழுத்தத்தை ஏற்றுகிறது. அதே நேரத்தில் கூடுதல் டீசல் உள்ளே போகிறது, இழுவை கூடுகிறது. நன்றாகக் கவனியுங்கள் மக்களே, டீசல் மிச்சம் செய்வதாக விற்கிற சாமான், டீசலைக் கூட ஊற்றித்தான் வேலை செய்கிறது!

இழுவை கூடினால் மேல் கியரில், குறைந்த ஆர்.பி.எம்.மில் ஓட்டலாம், அதனால் மிச்சம் என்பார்கள். ஓட்டினால் சரி. இழுவை கிடைத்த டிரைவர் மெதுவாகவா ஓட்டுவார்? அதிலும் பாரம் ஏற்றிக்கொண்டு காட் ஏறும்போது இன்ஜின் நிமிடக்கணக்கில் முழு மூச்சில் உழைக்கிறது. அப்போது கூடுதல் டீசல் என்றால் புகைவழியில் கூடுதல் சூடு. டர்போவும் பிஸ்டனும்தான் அதைத் தாங்கவேண்டும்.

"டேஷ்போர்டிலேயே மைலேஜ் ஏறிக் காட்டுதே" என்பவர்களுக்கு: அந்த எண், கம்ப்யூட்டர் தான் ஊற்றியதாக நினைக்கும் டீசலை வைத்துப் போட்ட கணக்கு. ஏமாந்தவனிடமே சாட்சி கேட்பதா?

"எனக்கு நிஜமாகவே ஏறியது" என்பவர்களும் உண்டு. பெட்டி மாட்டிய அன்றே சர்வீஸ், புது ஏர் ஃபில்டர், கூடவே ஒரு மாதம் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பதவிசான ஓட்டம். பெருமை முழுக்கப் பெட்டிக்கு.

பி.எஸ்.6 வண்டி என்றால் இன்னும் மோசம். டீசல் கூடினால் கரி கூடும், கரியைப் பிடிக்கும் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், அதை எரித்துச் சுத்தம் செய்யவும் டீசல்தான் செலவாகும். போதாததற்கு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு 2019 சட்டத் திருத்தத்தின்படி 182ஏ பிரிவில் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அப்படியானால் எந்த டியூனர் நல்லது என்கிறீர்களா? விற்பவரிடம் மூன்று கேளுங்கள். ஒன்று, இன்ஜின் போனால் பொறுப்பு யாருக்கு என்று எழுதித் தருவாரா? இரண்டு, ஆர்.டி.ஓ. கேட்டால் காட்ட அனுமதிக் காகிதம் உண்டா? மூன்று, அதே ரூட், அதே பாரம், அதே டிரைவர். டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பி, மாட்டாமல் மூன்று முறை, மாட்டி மூன்று முறை ஓட்டிப் பார்க்கச் சம்மதிப்பாரா? மூன்றுக்கும் ஆமாம் என்று சொன்ன ஒருவரை இதுவரை நான் சந்திக்கவில்லை.

அந்த 28,000 ரூபாய்க்கு வேறு வேலை இருக்கிறது. வாரம் ஒரு முறை டயர் காற்று, அலைன்மென்ட், ஏர் ஃபில்டர். 80-ல் போகிறவர் 60-க்கு இறங்கினால் போதும்; 80-ல் காற்றின் தடை 60-ல் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, காலியாகத் திரும்பும் கிலோமீட்டரைக் குறையுங்கள். காசு வராத கிலோமீட்டருக்கு எந்த மைலேஜும் நல்ல மைலேஜ் இல்லை.

சங்ககிரிக்காரர் பெட்டியைக் கழற்றிவிட்டார். பாக்கித் தவணையையும் கட்டிவிட்டார். போன வாரம் வந்தவர் சிரித்துக்கொண்டே, "சார், இனி கணக்கு நானே போட்டுக்கறனுங்" என்றார்.

எனக்கு வேண்டியதுதான்.