வாயுள்ள பிள்ளைதான் பிழைக்க வேண்டுமா?

அதிகம் பேசாத ஆணுக்கு நம் மொழியில் மரியாதையான பெயர்கள் உண்டு. ஆழமானவர், அளந்து பேசுபவர், காரியக்காரர். பேசாத பெண்ணுக்கு? அமுக்குணி, ஊமைக்கோட்டான், ராங்கிக்காரி. போதாததற்கு “ஊமை ஊரைக் கெடுக்கும்” என்றொரு பழமொழி வேறு. இந்தப் பெயர்களில் பாதியை நானே வாங்கியிருக்கிறேன். ஆகவே நடுநிலை என்று பாவனை செய்யப்போவதில்லை.

வாயை மூடு என்று அடக்கப்பட்ட பெண் வேறு. தனியாக இருக்கும்போது தெம்பு பெற்று, கூட்டத்தில் களைத்துப்போகிற பெண் வேறு. முதலாவது ஒடுக்குமுறை, இரண்டாவது சுபாவம். 1921-இல் கார்ல் யுங் மனிதர்களை அகமுகர், புறமுகர் என்று பிரித்து எழுதியபோது எந்தப் பக்கத்தையும் நோய் என்று சொல்லவில்லை. நாம்தான் ஒரு பக்கத்துக்குச் சிகிச்சை தேடுகிறோம். பெண்ணியம் பேசுகிற நம் கூட்டங்களிலும் அமைதியாக இருப்பவளைப் பார்த்தால் “பாவம், இன்னும் விடுதலை ஆகவில்லை” என்றொரு பார்வை விழுகிறது.

வீட்டுக்குள் வாருங்கள். கணவர் கூச்ச சுபாவி. “எம்புள்ள அதிகம் பேசமாட்டான்” என்று அவர் அம்மா பெருமையாகவே சொல்வார். விருந்தாளி வந்தால் அவர் “வாங்க” என்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் கைப்பேசிக்குள் போய்விடலாம். காபி கொடுத்து, பையன் எந்த வகுப்பு என்று கேட்டு, மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்து, வாசல்வரை போய் வழியனுப்புவது மனைவி. நாத்தனாரின் கல்யாண நாள், அவருடைய சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன், வளைகாப்புக்குப் போக முடியாததற்கான சமாதானம் என்று எல்லா போன்களும் அவள் கணக்கில். அவளும் அவரைப் போலவே கூச்ச சுபாவியாக இருக்கலாம். யாரும் கேட்டதில்லை. அவர் நிம்மதியாக மௌனமாக இருப்பதற்கு இரண்டு பேர் பேச்சையும் அவளே பேசித் தீர்க்கிறாள். ஒரு நாள் அவள் சிரிக்காமல் நின்றால் குடும்பத்தையே பிரித்துவிட்டாள் என்பார்கள். சோறு வடிப்பதையும் துணி துவைப்பதையும் வேலை என்று ஒப்புக்கொள்ள வைக்கவே இத்தனை ஆண்டு போராடினோம். முகம் சுளிக்காமல் எல்லோரையும் விசாரிப்பதும் வேலைதான், சம்பளமில்லாத வேலை.

தனியாக இருக்க இடமாவது உண்டா? வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் பூட்டு வைத்த அறை கேட்டார். நம் வீடுகள் பலவற்றில் பெண் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே இடம் குளியலறை. அங்கேயும் கதவைத் தட்டுவார்கள்.

வெளியே வந்தாலும் கதை இதுதான். கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவிகளை வளாக நேர்காணலுக்குத் தயார் செய்யும் வேலை எனக்கு. “அடக்கமா இரு” என்று இருபது வருடம் வளர்த்த பெண்ணை, குரூப் டிஸ்கஷன் என்ற பெயரில் பத்துப் பேர் நடுவே உட்காரவைத்து, பதினைந்து நிமிடத்துக்குள் முந்திக்கொண்டு பேசு என்கிறார்கள். அங்கே மதிப்பெண் யோசனைக்கு அல்ல, குறுக்கிடும் திறமைக்கு. அதே தலைப்பில் எனக்கு இரண்டு பக்கம் தெளிவாக எழுதிக் காட்டிய மாணவிகள் முதல் சுற்றிலேயே வெளியே வந்து நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கூடிப் பேசினால்தான் யோசனை பெருகும் என்பதே சந்தேகத்துக்குரியது. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில், கூடிப் பேசிய நான்கு பேரைவிடத் தனித்தனியே உட்கார்ந்து யோசித்த நான்கு பேரிடமிருந்து அதிக யோசனைகள் வந்தன. அதற்குப் பிறகும் நாம் மேசையைச் சுற்றி நாற்காலி போடுவதை நிறுத்தவில்லை.

பார்பரா மெக்ளின்டாக் சோளப் பயிரோடு தனியாகவே பல பத்தாண்டுகள் கழித்தவர். மரபணுக்கள் இடம் மாறும் என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் உரக்கச் சொல்லப் போகவில்லை, ஆய்வைத் தொடர்ந்தார். 1983-இல் மருத்துவ நோபல் பரிசு அவருக்கு மட்டுமாக, யாரோடும் பகிராமல் வந்தது. நம்மிடையே ஆர். சூடாமணி மேடை வெளிச்சத்திலிருந்து விலகி இருந்தே அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதினார். மெக்ளின்டாக்கின் முப்பது ஆண்டுக் காத்திருப்பை நான் கொண்டாட மாட்டேன். மெதுவாகச் சொன்னால் கேட்பதில்லை என்ற நம் பழக்கத்துக்கு அதுவே சாட்சி.

“பேசாதவளை மிதித்துவிட்டுப் போவார்களே, போராட்டத்துக்குக் குரல் வேண்டாமா?” என்று தோழிகள் கேட்கிறார்கள். வேண்டும். கோஷம் போடத் தெரிந்தவர்கள் போடட்டும், நான் பின்னால் நடந்து வருகிறேன். ஆனால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டமே புகாரை எழுத்தில்தான் கேட்கிறது. தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்பதையெல்லாம் ஒருத்தி ராத்திரி உட்கார்ந்து பொறுமையாக எழுதியாக வேண்டும். அந்த ஒருத்தி பெரும்பாலும் கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்தவள்.

நம் கூட்டங்களிலிருந்தே தொடங்கலாம். விவாதத்துக்கு முன் பத்து நிமிடம் எல்லோரும் தாளில் எழுதட்டும், அதை வாசித்துவிட்டுப் பேசுவோம். வந்தவுடன் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடு, ஜோக் சொல்லு என்று புதியவளைப் படுத்தாதீர்கள். வீட்டிலும் ஒரு சின்ன மாற்றம் போதும், கண் ஆபரேஷன் ஆன சித்தப்பாவுக்கு இந்த முறை அவரே போன் போடட்டும்.