நிரலுக்குப் பக்கத்திலேயே பேசுவோம்

"மென்பொருள் செய்கிற இடத்தில் அரசியல் வேண்டாம், பேசத்தான் வேண்டுமென்றால் வெளியே போய்ப் பேசுங்கள்." திறமூல மென்பொருள் குழுக்களில் இதுதான் நடுநிலை என்று பலர் நம்புகிறார்கள். மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள செமிலிங் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழக வட்டாரத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. எழுப்பிய பல்கலைக்கழகம் அது. அரசியல் முயற்சி இல்லாவிட்டால் அந்த வளாகம் இங்கே வந்திருக்காது.

நிரலில் அரசியலே இல்லை என்கிறார்கள். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்ததே பயனரின் உரிமைக்காகத்தான். 2004இல் மலேசிய அரசு பொதுத்துறைக்குத் திறமூலப் பெருந்திட்டம் கொண்டுவந்தது. அதுவும் அரசியல் முடிவே.

நம் வீட்டுச் சான்று இன்னும் தெளிவானது. 2010இல், வடமொழி எழுதப் பயன்படும் கிரந்த எழுத்தை, கணினி எழுத்துகளுக்கான உலகத் தரமான யுனிகோடில் சேர்க்க வந்த முன்மொழிவில் தமிழுக்கே உரிய ழ, ற, ன மூன்றும் எ, ஒ குறில்களும் கிரந்தத் தொகுதிக்குள் இடம்பெற்றன. தமிழுலகம் கொதித்தது. முடிவைத் தள்ளிவைக்குமாறு தமிழக அரசு கேட்டது. மேடை முழக்கத்தோடு விட்டுவிடாமல், எதிர்த்தவர்களில் பலர் யுனிகோடு குழுவுக்கே காரணங்களை ஆவணமாக எழுதி அனுப்பினார்கள். 2014 ஜூனில் யுனிகோடு 7.0 வெளிவந்தபோது கிரந்தம் இருந்தது. அந்த ஐந்தும் இல்லை. இன்றைக்கும் அட்டவணையைத் திறந்து பாருங்கள்: ன வரவேண்டிய 11329, ற வரவேண்டிய 11331, ழ வரவேண்டிய 11334 ஆகிய கட்டங்கள் காலியாகவே கிடக்கின்றன. திறமூல எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் அந்த அட்டவணையைப் பின்பற்றித்தான் உருவாகின்றன. முடிவெடுக்கும் இடத்துக்கே போய்ப் பேசியதன் பலன் இது.

அரசியல் பேசினால் பங்களிப்பாளர்கள் ஓடிவிடுவார்கள் என்பது அடுத்த அச்சம். பேசாமல் எடுக்கும் முடிவுதான் ஆட்களை விரட்டுகிறது. 2024 அக்டோபரில் லினக்ஸ் கருநிரலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யத் தொடர்புள்ள ஏறத்தாழப் பத்துப் பேரை ஒரு சிறு திருத்தத்தில் நீக்கினார்கள். விதிமுறைத் தேவைகள் என்பதற்கு மேல் அதில் விளக்கமில்லை. பொருளாதாரத் தடைச் சட்டம் கட்டாயப்படுத்தியிருக்கலாம்; ஆனாலும், ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா?

முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பேசிக்கொள்ளலாமே என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் யோசனை. அந்தக் குழுவில் இல்லாதவருக்கு, அதுவும் நாளைக்குப் புதிதாக வந்து சேரும் செமிலிங் மாணவிக்கு, எது ஏன் முடிவானது என்று எப்படித் தெரியும்? 2021இல் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இயக்குநர் குழுவுக்குத் திரும்பியது சர்ச்சையானபோது, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தின் உறுப்பினர்கள் பொதுவில் விவாதித்து வாக்களித்தார்கள். அறிக்கை எதுவும் வெளியிடுவதில்லை என்ற தெரிவே வென்றது. மௌனம் காப்பதைக்கூட அவர்கள் பேசித்தான் முடிவு செய்தார்கள். அந்த விவாதத்தை இன்றும் யாரும் படிக்கலாம்.

பிழை திருத்தும் பக்கத்தில் தேர்தல் பிரசாரம் செய்வதை நானும் ஏற்கமாட்டேன். திட்டத்தைத் தொடாத கட்சிச் சண்டைக்கு அங்கே வேலையில்லை. மொழி, எழுத்து, உரிமம், நன்கொடை, யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது ஆகியவை திட்டத்தையே தொடுபவை. தமிழ் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கும் தம்பி தங்கைகளே, இவற்றுக்கென்று உங்கள் திட்டத்துக்குள்ளேயே எல்லோரும் படிக்கக்கூடிய தனிப் பக்கம் ஒன்றைத் திறந்துவையுங்கள். எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் அங்கேயே எழுதிவையுங்கள்.