காவ் உருவாக்கிய அமைப்பும் வராத சட்டமும்

இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’வை உருவாக்கிய ராமேஷ்வர் நாத் காவைப் பற்றிப் பேச்செடுத்தால், எல்லோரும் 1971 வங்கதேசப் போரிலிருந்துதான் தொடங்குவார்கள். எனக்கு அவர் பெரிய மனிதராகத் தெரிவது 1955இல்.

அந்த ஆண்டு ஏப்ரல் 11 அன்று, அப்போது பிரிட்டன் வசமிருந்த ஹாங்காங்கிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியாவின் ‘காஷ்மீர் பிரின்சஸ்’ விமானம் நடுவானில் குண்டு வெடித்து இந்தோனேசியக் கடலில் விழுந்தது. ஆசிய-ஆப்பிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாட்டுக்குச் சென்ற சீனக் குழுவினர் உட்பட 16 பேர் இறந்தார்கள். குறி, சீனப் பிரதமர் சூ என்லாய். அவர் அதில் ஏறவில்லை. விசாரணைக்கு நேரு அனுப்பியது காவை. அவருக்கு அப்போது 37 வயதுகூட நிறையவில்லை. கடலிலிருந்து எடுத்த சிதைவுகளில் வெடிகுண்டின் கடிகாரப் பொறித் துண்டுகள் கிடைத்தன. சக்கரம் மடங்கும் அறையில் யாரோ குண்டு வைத்திருக்கிறார்கள். சந்தேகத்துக்கு ஆளான விமான நிலையப் பணியாளர் அதற்குள் தைவானுக்குத் தப்பிவிட்டார். ஒருவரையொருவர் நம்பாத சீனர்களுக்கும் பிரிட்டிஷாருக்கும் நடுவே நின்று, ஆதாரத்தை மட்டும் பேசவிட்டு அந்த வேலையை முடித்தார் காவ்.

1962 சீனப் போரிலும் 1965 பாகிஸ்தான் போரிலும் உளவுத் தகவல்கள் போதவில்லை என்றானபோது, இந்திரா காந்தி உளவுத் துறையான ஐ.பி.யைப் பிரித்து 1968 செப்டம்பர் 21இல் ‘ரா’வை அமைத்தார். ஐ.பி.யிலிருந்து சுமார் 250 பேரோடு காவ் தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில் வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினிக்குத் துணை நிற்கும் அளவுக்கு அது வளர்ந்தது.

ஆனால் 1977இல் நடந்ததையும் மறக்கக் கூடாது. நெருக்கடி நிலையில் ‘ரா’ தங்களுக்கு எதிராகப் பயன்பட்டது என்ற சந்தேகத்தோடு ஜனதா கட்சி ஆட்சிக்கு வந்தது. காவ் வெளியேறினார், அமைப்பும் சுருக்கப்பட்டது. பிரதமருக்கும் தலைவருக்கும் இடையிலான நம்பிக்கைதான் ‘ரா’வின் அஸ்திவாரம். அது போனதும் கட்டடம் ஆடியது. சந்தேகம் நியாயமா, வீண்பழியா என்று பார்த்துச் சொல்ல நாடாளுமன்றத்தில் ஒரு குழு இல்லை. இன்றும் இல்லை.

இதில் தமிழர்களுக்கும் கேள்வி உண்டு. 1983க்குப் பிறகு ஈழ இயக்கங்களுக்கு இந்தியா ‘ரா’ வழியாகக் கொடுத்த ஆயுதப் பயிற்சியைப் பற்றி, ராஜீவ் காந்தி கொலையை விசாரித்த ஜெயின் கமிஷனின் அறிக்கை பேசியது. எத்தனையோ உயிர்களின் விதியைத் தொட்ட அந்த முடிவை, எடுத்த காலத்தில் நாடாளுமன்றத்தில் யாரும் கணக்குக் கேட்க வழியிருக்கவில்லை.

பிரிட்டன் 1994இல் தன் வெளிநாட்டு உளவு அமைப்புக்குச் சட்டமும் நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழுவும் கொண்டுவந்தது. அதனால் அதன் ரகசியங்கள் சந்திக்கு வந்துவிடவில்லை. இங்கே அதே நோக்கத்தோடு 2011இல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. ‘ரா’ இன்றும் அரசாணையின் பலத்தில்தான் நிற்கிறது. தகவல் உரிமைச் சட்டத்திலும் அதற்கு விலக்கு உண்டு.

2002இல் மறைந்த காவ் வாழ்நாளில் வாய் திறக்கவில்லை. அப்படிப்பட்டவரே தன் நினைவுகளைப் பதிவுசெய்து, காலம் கடந்து திறக்கும்படி டெல்லியின் நேரு நினைவு நூலகத்தில் ஒப்படைத்தார். வரலாற்றுக்குப் பதில் சொல்லும் கடமையை அவர் உணர்ந்திருந்தார். அரசும் உணர வேண்டும். உளவு அமைப்புகளுக்கான சட்டத்தை அரசே நாடாளுமன்றத்தில் முன்வைக்கட்டும். உங்கள் தொகுதி எம்.பி.யிடம் இதைக் கேளுங்கள்.