வண்டி நம்பர் என்ன சார்?

கொடைக்கானலில் ஒரு லாட்ஜ். ரிசப்ஷனில் இருந்த பையன் ரிஜிஸ்தரை என் பக்கம் திருப்பி வைத்தான். பெயர், ஊர், போன், எத்தனை பேர், எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டத்தில் 'வண்டி எண்' என்று இருந்தது. அதில் ஒரு கோடு போட்டுவிட்டுப் பேனாவை மூடினேன்.

"வண்டி நம்பர் என்ன சார்?"

"வண்டி இல்லப்பா. பஸ்ல வந்தோம்."

பையன் நிமிர்ந்தான். சோபாவில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்த என் எழுபத்தொரு வயது அம்மாவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். கால் ஆட்டிக்கொண்டிருந்த ஒன்பது வயது மகளைப் பார்த்தான். கிண்டல் எல்லாம் இல்லை. நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டான்:

"அப்புறம் எப்படி சார் சுத்திப் பாப்பீங்க?"

போன அக்டோபரில் கேட்ட கேள்வி இது. இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. அதனால் இந்த வாரம் உங்கள் தலையில் இறக்கி வைக்கிறேன். கார் இல்லாத ஒரு குடும்பம், பாட்டியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு மலைமேல் இருக்கும் ஒரு ஏரியைப் பார்க்க ஆசைப்படுவது அவ்வளவு பெரிய குற்றமா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கொடைக்கானல் ஏரியை, மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கியது 1863ல். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி போகும் கோக்கர்ஸ் வாக் பாதை 1872ல் வந்தது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன்னுடைய மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டதோ 1886ல். அதாவது ஏரிக்கு இருபத்து மூன்று வயது ஆன பிறகுதான் கார் என்கிற குழந்தையே பிறந்திருக்கிறது. பாதைக்குக்கூட 'வாக்' என்றுதான் பெயர். 'டிரைவ்' என்று வைக்கவில்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. துரைகளும் துரைசானிகளும் நடந்தா வந்தார்கள்? நம் ஆட்களின் தோளில் ஏறி வந்தார்கள். நான் சொல்வது ஊரின் அளவைப் பற்றி. பஸ் ஸ்டாண்ட், கோக்கர்ஸ் வாக், ஏரி, ஏரியை ஒட்டின பிரையண்ட் பூங்கா எல்லாமே நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. ஏரியை ஒரு சுற்று வந்தால் சுமார் ஐந்து கிலோமீட்டர். மனிதர்களின் காலுக்கு அளவெடுத்துத் தைத்த ஊர் அது. அதற்குள் காரைத் திணித்துவிட்டு, இப்போது கால் இருப்பவனைப் பார்த்து 'எப்படி சுத்துவீங்க?' என்கிறோம்.

*

எங்கள் கதைக்கு வருகிறேன். சென்னையில் ராத்திரி ரயில் ஏறினோம். விடிவதற்கு முன் கொடை ரோடு. அங்கிருந்து மலைக்குச் சுமார் எண்பது கிலோமீட்டர். பஸ் பிடித்து வத்தலக்குண்டு, மாறி ஏறினால் மலை. ஒவ்வொரு வளைவிலும் அம்மா முருகனைக் கூப்பிட்டாள். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே மஞ்சளாறு அணையைப் பார்த்து "அப்பா, கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கு" என்றாள். நானும் பார்த்தேன். ஸ்டியரிங் பிடித்திருந்தால் எனக்கு முன்னால் போகும் இன்னோவாவின் பின்பக்கம்தான் தெரிந்திருக்கும். அதுவரை ஒரு குறையும் இல்லை.

குறை ஊருக்குள் வந்தபிறகுதான் ஆரம்பித்தது. சாயங்காலம் ஏரிக்குப் போனோம். நடப்பவர், வாடகை சைக்கிள், குதிரை, பைக், கார், வேன் எல்லாருக்கும் அதே ஏரிச்சாலை. நடைபாதை இருந்த இடத்தில் கடை இருந்தது. கடை இல்லாத இடத்தில் பைக் நின்றது. அம்மா ஓரமாக ஒதுங்கினாள். பின்னாலேயே ஒரு ஹாரன். இன்னும் ஒதுங்கினாள், இன்னொரு ஹாரன். ஏரியின் அழகைப் பார்ப்பதற்குப் பதிலாக அரை மணி நேரம் திரும்பித் திரும்பி ரோட்டையே பார்த்துக்கொண்டு நடந்தாள். உட்கார ஒரு திட்டு தேடினோம். கண்ணுக்கெட்டிய தூரம் காணோம். இருட்டிவிட்டது. லாட்ஜ் மேட்டில் இருக்கிறது. டாக்ஸி ஸ்டாண்டில் கேட்டால், "அவ்ளோ கிட்டக்க வர முடியாதுண்ணே. நாளைக்குப் பன்னெண்டு பாயிண்ட்டு பாக்கறீங்களா, சொல்லுங்க" என்றார் டிரைவர். பன்னிரண்டு பாயிண்ட்டுக்கு அவர் சொன்ன தொகை, நாங்கள் நாலு பேரும் சென்னையிலிருந்து அங்கே வந்து சேர்ந்த மொத்தச் செலவைவிட அதிகம்.

மேட்டை ஏறி முடிக்க அம்மாவுக்கு நாற்பது நிமிஷம் ஆனது.

மறுநாள் காலையில் அவள் சொன்னாள்: "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்கடா. எனக்கு ஜன்னல்ல மேகம் தெரியுது, அது போதும்."

போதும் என்று அவள் சொன்னது எங்களுக்காக. எனக்குப் போதவில்லை. ஏழாயிரம் அடி ஏறி வந்த ஒரு மனுஷியை ரூமுக்குள் உட்கார வைத்தது முதுமை அல்ல. அவள் முட்டிவலியும் அல்ல. ஒரு சின்ன பஸ்ஸும், நாலு பெஞ்சும் இல்லாததுதான்.

*

"இதுக்குத்தான் சார் ஒரு கார் வாங்கணும்கறது" என்று உங்களில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. சரி. வாங்குகிறேன். எல்லாரும் வாங்கட்டும். என்ன ஆகும்?

2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் நூறு வீடுகளில் கார் இருந்தவை சுமார் எட்டு. அந்த எட்டு வீட்டுக்காரர்களும், கார் வாடகைக்கு எடுத்தவர்களும் வந்தாலே சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் சில்வர் காஸ்கேட்டிலிருந்து ஊருக்குள் போகும் எட்டுக் கிலோமீட்டருக்கு மணிக்கணக்கில் ஊர்கிறோம். மிச்சம் தொண்ணூற்றிரண்டும் காரில் கிளம்பினால் வத்தலக்குண்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு மலையை அண்ணாந்து பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

நிலைமை கைமீறித்தான் கோர்ட் தலையிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 மார்ச்சில் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தக் கோடை சீசனுக்கு உச்சவரம்பு வைத்தார்கள்: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. அரசு பஸ்ஸில் வருகிறவனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

நல்ல உத்தரவு. கை தட்டுகிறேன். ஆனால் அது பாதி வேலைதான். 'காரில் வராதே' என்று ஒரு வாக்கியம் சொன்னால், 'இதோ பஸ், இதில் வா' என்று அடுத்த வாக்கியம் வர வேண்டாமா? அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் உரக்கச் சொல்லவில்லை. சீசன் வந்தால் 'சிறப்பு பஸ்கள்' என்று பேப்பரில் வரும். ஏரி மே மாதத்தில் மட்டும்தான் இருக்கிறதா?

இன்னொரு கணக்கு. காருக்கு நாலு பேர் என்றால், 4,000 காரில் வருவது 16,000 பேர். அதே 16,000 பேரை ஐம்பது சீட் பஸ்ஸில் ஏற்றினால் 320 பஸ். நாலாயிரம் எங்கே, முந்நூற்று இருபது எங்கே! மலைப்பாதைக்கு எது தாங்கும் என்று ஐந்தாம் வகுப்பு மாணவன் சொல்வான்.

"பஸ் விட்டா டாக்ஸிக்காரங்க பொழப்பு?" நியாயமான கேள்வி. அந்த டிரைவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் டியூ கட்ட வேண்டும், பிள்ளை படிக்க வேண்டும். ஏரி, பூங்கா, கோக்கர்ஸ் வாக், பஸ் ஸ்டாண்ட் என்று வட்டமடிக்கும் சின்ன வேன்களை அவர்களிடமே கொடுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று டிக்கெட் வையுங்கள். நாள் முழுக்க ஒரே சவாரிக்குக் காத்திருப்பதைவிட, நாள் முழுக்க நிறைந்த வண்டி ஓட்டுவது நஷ்டமா?

"வயசானவங்களுக்குக் கார்தான் சார் சரி." இதுதான் எல்லாரும் எடுத்து வீசும் கடைசி அஸ்திரம். சொந்தக் கார் இல்லாத வயதானவர்களைப் பற்றி இவர்களுக்கு ஏன் அக்கறை வருவதில்லை? முட்டிவலிக்காரர்களுக்குத்தான் தாழ்வான படி வைத்த பஸ் முதலில் வேண்டும்.

நடக்குமா என்று சந்தேகப்படுபவர்களை மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் மாதேரானுக்கு அனுப்பலாம். அதுவும் மலை வாசஸ்தலம். அங்கேயும் ஷார்லட் என்று ஒரு ஏரி உண்டு. எவ்வளவு பெரிய கார் வைத்திருந்தாலும் ஊருக்கு வெளியே தஸ்தூரியில் நிறுத்திவிட்டு உள்ளே போக வேண்டும். நேரலிலிருந்து 1907ல் ஆரம்பித்த குட்டி ரயில் இருக்கிறது. அங்கேயும் எல்லாம் சரி இல்லை. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்ஷா அவமானம் நீண்ட காலம் நீடித்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி, இ-ரிக்ஷாவுக்கு மாறச் சொன்னது. அதாவது காரையும் விடாமல், மனிதத் தோளிலும் ஏறாமல், வயதானவர்களைக் கூட்டிப்போக வழி இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஜெர்மாட்டில் ஐந்து கிலோமீட்டருக்கு முன்பே, டேஷில் காரை நிறுத்திவிட்டு ரயிலில்தான் போகிறார்கள். நம் ஆட்கள் அங்கே போனால் சமர்த்தாக நிறுத்திவிட்டு, ஊர் திரும்பி "என்னா சுத்தம், என்னா அமைதி" என்று மாய்ந்து போகிறார்கள். அடுத்த வாரமே ஏரிக்கரையில் ஹாரன் அடிக்கிறார்கள்.

*

மூன்றாவது நாள் நான் பிடிவாதம் பிடித்தேன். பஸ் ஸ்டாண்டில் விசாரித்து, பூம்பாறை போகிற ஊர் பஸ்ஸில் அம்மாவை ஏற்றினேன். கண்டக்டர் முன் சீட்டில் இருந்த ஒரு இளைஞனை எழுப்பி, "உக்காருங்கம்மா" என்றார். பக்கத்தில் ஒரு அம்மாள் காலடியில் காலிச் சாக்குகளோடு. மலைப்பூண்டு விவசாயம். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பூண்டு. பத்து நிமிஷத்தில் இருவரும் வாதநோய்க்குப் பூண்டை எப்படிச் சாப்பிடுவது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே படிக்கட்டு படிக்கட்டாக வயல். மகள் பாட்டி மடியில். பூம்பாறையில் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினோம்.

"இன்னிக்குத்தான்டா ஊரையே பாத்த மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. பார்த்தீர்களா? அவளால் முடியாது என்பது பொய். ஒரு பஸ், ஒரு சீட், அவ்வளவுதான் தேவைப்பட்டது. பூண்டு விவசாயிக்காக ஓடும் அந்த பஸ், ஏரிக்கரையில் ஓட மட்டும் ஏன் மறுக்கிறது?

கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. வருஷம் முழுக்க, கால் மணிக்கு ஒன்றாக, ஊருக்குள் வட்டமடிக்கும் சின்ன பஸ். சாயங்காலமாவது ஏரிச்சாலையில் காருக்குத் தடை. நூறடிக்கு ஒரு பெஞ்ச். சுத்தமான கழிப்பறை. பஸ் ஸ்டாண்டில் பெட்டி வைக்க ஒரு அறை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு. ஒரு மேம்பாலத்துக்கு ஆகிற செலவா இது?

உங்களுக்கும் ஒரு வேலை. அடுத்த முறை, கார் இருந்தாலும், வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். பஸ் இல்லாத இடத்தில் 'ஏன் இல்லை?' என்று கேளுங்கள். நூறு பேர் கேட்டால் காதில் விழாது. பதினாறாயிரம் பேர் கேட்டால் விழும்.

கிளம்பும்போது ரிசப்ஷன் பையன் கேட்டான்: "எல்லாம் பாத்தீங்களா சார்?"

"ஏரியைத் தவிர எல்லாம் பாத்தாச்சு" என்றாள் அம்மா.