கதவைத் திறந்து வைத்திருந்தது நாங்கள்தான்



தவணைப் பரீட்சைப் புள்ளிகள் பதியும் வாரம். ஆசிரியர் அறை லெப்டொப்பில் இரவோடிரவாக விண்டோஸ் 11இன் 24எச்2 அப்டேட் ஏறிவிட்டது. காலையில் அலுவலகக் கம்ப்யூட்டரில் உள்ள புள்ளிகள் போல்டரைத் திறக்கப் போனால் திறக்கவில்லை. அடையாளம் காட்டாத விருந்தாளியை உள்ளே விட முடியாது என்ற அர்த்தத்தில் ஓர் ஆங்கில வசனம் மட்டும் வந்தது. இன்டர்நெட் வேலை செய்கிறது, போல்டர் மட்டும் இல்லை. நாங்கள் எல்லோரும் அப்டேட்டைத்தான் ஏசினோம்.

வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டோம். பத்து நிமிடத்தில் வைத்தியம் வந்தது: ஃபயர்வோலை ஓஃப் பண்ணுங்க, விருந்தாளி அனுமதியைத் திரும்பப் போடுங்க, பழைய எஸ்.எம்.பி. 1ஐ ஒன் பண்ணுங்க.

அதைச் செய்யப் போன நேரத்தில்தான் தரம் 10 பிள்ளை ஒருவர் ஐ.சி.டி. அறையிலிருந்து வந்தார். "சேர், உங்கட மார்க்ஸ் போல்டர் எங்கட கம்ப்யூட்டர்ல ஓபன் ஆகுது." போய்ப் பார்த்தோம். அது அப்டேட் ஆகாத பழைய கம்ப்யூட்டர். பாஸ்வேர்ட் கேட்கவே இல்லை. பிள்ளைகளின் புள்ளிகள், இன்னும் நடக்காத பரீட்சைகளின் வினாத்தாள்கள், பெற்றோரின் தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் கண்முன்னே கிடந்தன. இந்தப் பிள்ளை நேர்மையாக வந்து சொன்னார். பார்த்துவிட்டுச் சொல்லாதவர்கள் எத்தனை பேரோ?

ஆக, அப்டேட் எங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. நாங்கள் வருடக்கணக்காகத் திறந்து வைத்திருந்த கதவை அது காட்டிக் கொடுத்தது.

விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று கோப்புகளைப் பகிரும் முறைக்குப் பெயர் எஸ்.எம்.பி. விண்டோஸ் 11 ப்ரோ பதிப்பில் 24எச்2 வந்த பிறகு, பெயரும் பாஸ்வேர்டும் இல்லாத விருந்தாளி இணைப்பை அது ஏற்பதில்லை. இதற்குக் காரணம் இருக்கிறது. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற வைரஸ் பழைய எஸ்.எம்.பி. 1இல் இருந்த ஓட்டை வழியாக உலகம் முழுக்கப் பரவியது. பிரித்தானிய வைத்தியசாலைகள் கூட முடங்கின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே வருடம் மார்ச் மாதமே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

நாங்கள் கடைசியில் செய்தது இவ்வளவுதான். லெப்டொப்பின் வைஃபை 'பப்ளிக்' என்றிருந்ததை 'பிரைவேட்' ஆக்கினோம். அலுவலகக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டுடன் புதிய பயனர் ஒன்றை உருவாக்கினோம். போல்டர் அனுமதியில் 'எவ்ரிவன்' என்பதை நீக்கி அந்தப் பயனரை மட்டும் சேர்த்தோம். பாஸ்வேர்ட் கேட்கும் பகிர்வை ஒன் செய்தோம். பிறகு லெப்டொப்பில் அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தோம், போல்டர் திறந்தது. அரை மணி நேரம் போனது. ஃபயர்வோலைத் தொடவே இல்லை.

பரீட்சை நேரத்தில் அப்டேட் வருவது தொல்லைதான், மறுக்கவில்லை. அதற்கும் வழி உண்டு. செட்டிங்ஸில் அப்டேட்டைச் சில வாரங்கள் நிறுத்தி வைக்கலாம். வேலை முடிந்ததும் மறக்காமல் போட வேண்டும்.

இது பாடசாலைக்கு மட்டுமான கதையல்ல. பள்ளிவாசல் காரியாலயத்தின் சந்தாப் பட்டியல், ஜனாஸா சங்கத்தின் கணக்கு, கடையின் கடன் கொப்பி எல்லாம் இன்று கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்ததால், பலரும் 11க்கு மாறுகிறார்கள். உங்கள் போல்டரும் ஒருநாள் திறக்காமல் போகலாம். அன்று "எல்லாத்தையும் ஓஃப் பண்ணுங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலில் வேறொரு கம்ப்யூட்டரில் போய், அந்தப் போல்டர் பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளைகளின் விபரங்கள் எங்களிடம் இருக்கும் அமானிதம். அதைப் பூட்டி வைப்பது கம்ப்யூட்டர் தெரிந்த ஓர் ஆசிரியரின் வேலை மட்டுமல்ல, எங்கள் எல்லோருடைய பொறுப்பு.