மாட்டை வித்தால் கலனையும் மூடணுமா?

எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் துருப்பிடித்துக் கிடக்கும் கோபர் கேஸ் டிரம்களை இன்றைக்கும் பார்க்கலாம். சில குழிகளில் மழைத்தண்ணி நிற்கிறது, சிலவற்றை மூடி மேலே விறகு அடுக்கியிருக்கிறார்கள். ஏன் நிறுத்திட்டீங்க என்று கேட்டால் ஒரே பதில்: "மாட்டை வித்தாச்சு சார். ரெண்டுதான் இருக்கு. சாணிக்கு எங்க போறது?"

இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

வங்கியில் இருந்த காலத்தில் இந்தக் கலன்களுக்கான கடன் மனுக்கள் நிறைய என் மேசைக்கு வந்தன. 1981-82-ல் மத்திய அரசு இதைத் தேசியத் திட்டமாகத் தொடங்கிய பிறகு மானியமும் கடனும் சேர்ந்தே ஓடின. முதல் கேள்வி, எத்தனை மாடு? 2 கனமீட்டர் கலனுக்கு நாளைக்கு 50 கிலோ சாணி, அதாவது நாலைந்து மாடு. சாணியை மட்டும் போடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் அது ஜனங்கள் மனசில் சட்டம் மாதிரி உட்கார்ந்துவிட்டது.

சாணி என்பது மாட்டின் வயிறு எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு விட்ட மிச்சம். கிலோவுக்குச் சுமார் 40 லிட்டர் வாயு தரும். ஊசிப்போன சோறும் அழுகின வாழைப்பழமும் அதைப்போல இரண்டு மூன்று மடங்காவது தரும். புனேயின் ஏ.ஆர்.டி.ஐ. நிறுவனம் சமையல் கழிவில் ஓடும் சிறு கலனைச் செய்து 2006-ல் ஆஷ்டென் விருது வாங்கியது இந்த அடிப்படையில்தான்.

அப்போ சாணி எதுக்கு? வாயு உண்டாக்கும் நுண்ணுயிர் அதில்தான் இருக்கிறது, புளிப்பைத் தாங்கும் சக்தியும் அதற்குத்தான் உண்டு. கலனும் ஒரு வயிறுதானே! கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றை மாட்டுக்கு அள்ளிப் போட்டால் வயிற்றில் அமிலம் கூடி மாடு படுத்துவிடும். கலனும் அப்படியே புளித்துப்போகும், அடுப்பு பற்றாது. நான் பத்தில் ஒரு பங்கு கழிவில் தொடங்கி, சில வாரங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு வந்தேன். இப்போது ரெண்டு மாட்டுச் சாணி 20 கிலோ, நசுக்கிய கழிவு 5 கிலோ, அதற்குச் சமமாகத் தண்ணீர். மூணு பேருக்குக் காலை, மதியச் சமையல் நடக்கிறது. புளிப்பு வாடை தூக்கினால் ரெண்டு மூணு நாள் கழிவை நிறுத்திச் சாணி மட்டும் போடுவேன்.

"மாட்டுக்குப் போக வேண்டிய கழுநீரையும் காய்த்தோலையும் கலனில் கொட்டலாமா?" என்று இயக்கத்து நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மாடு தின்பது மாட்டுக்குத்தான். அது முகர்ந்துவிட்டு விலகுவதே எங்கள் வீட்டில் தினம் நாலைந்து கிலோ தேறுகிறது. வைக்கோல், தென்னை ஓலை மட்டும் போடாதீர்கள், மிதந்து ஆடை கட்டும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் நுண்ணுயிருக்கு ஆகாது.

எனக்கு வாயுவைவிடக் கலனிலிருந்து வெளிவரும் சிலரிதான் பெரிசு. அன்று நான் பார்த்த கடன் கணக்குகளில் விறகும் மண்ணெண்ணெயும் மிச்சமாவதுதான் வரவு, சிலரிக்கு ஒரு வரிகூட கிடையாது. வாயுவாகிப் போவது பெரும்பாலும் கரிமம்தான். தழை, மணி, சாம்பல் சத்துகள் ஏறக்குறைய முழுசாகக் கரைசலிலேயே தங்கும். நான் அதை வெயிலில் காயவிடாமல் பாசனத் தண்ணியோடு வாழைக்கு விடுகிறேன்.

2018-ல் மத்திய அரசு அறிவித்த திட்டங்களால் பெரிய வாயு ஆலைகள் வருகின்றன. சாணியும் வைக்கோலும் ஊரைவிட்டுப் போகும், வாயு வண்டிகளுக்குப் போகும். சிலரி எங்கே போகும்? கொடுத்த வயலுக்கே திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக் கலனுக்கான மானியத்தையும் மாட்டுத் தலையை எண்ணாமல், கொல்லையில் சேரும் மொத்தக் கழிவைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

சந்தைக் கழிவை வண்டியில் அள்ளி வந்து போடலாமா என்றும் கேட்கிறார்கள். நான் போடுவதில்லை. காயில் அடித்த மருந்து கலனுக்குள் போனதும் மாயமாக மறைந்துவிடும் என்று நம்ப நான் தயாரில்லை. பிராய்லர் கோழி எச்சத்துக்கும் அதே பதில்தான், அதில் அம்மோனியா வேறு அதிகம்.